டர்பன் நூலகத்தில் ஷேக்ஸ்பியரைத் தேடுவது எப்படி? ஆங்கில இலக்கிய ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, போன வருஷம் ஒரு மதியம் நூலகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, நம்ம ஆளுங்க ஷேக்ஸ்பியரைப் படிச்சதைப் பத்தி யாருமே எழுதலை போல. தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் வரலை" என்றாள். எட்டிப் பார்த்தேன். தேடல் பெட்டியில் தமிழ், ஷேக்ஸ்பியர் என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் தட்டியிருந்தாள். வந்தவை எல்லாம் இந்தியாவில் நடந்த மொழிபெயர்ப்புகளைப் பற்றியவை.

அவள் தேடியது ராபன் தீவு ஷேக்ஸ்பியரை. டர்பன்காரரான சன்னி வெங்கட்ரத்னம் 1970களில் அந்தத் தென்னாப்பிரிக்கச் சிறைத் தீவில் அரசியல் கைதியாக இருந்தபோது, ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். காவலர்கள் கண்ணில் படாமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டினார். இது எங்கள் சமயப் புத்தகம் என்று சொல்லிக் காப்பாற்றினார். அந்தப் புத்தகம் கைமாறிச் சுற்றி வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தமக்குப் பிடித்த வரிகளின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்ற வரியருகே நெல்சன் மண்டேலா போட்ட கையெழுத்தில் 1977 டிசம்பர் 16 என்று தேதி இருக்கிறது. 2012ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நடத்திய ஷேக்ஸ்பியர் கண்காட்சியில் இந்தப் புத்தகத்தையும் வைத்தார்கள். இதைப் பற்றித் தனி நூல்களே உண்டு. நூலகம் அவற்றை வேறு பெயரில் அடுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெயர்களைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த மாணவியோடு நான் போன வழியையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கணினியைத் தொடும் முன்

மூல நூலைப் படியுங்கள். விமர்சனத்தைப் படித்துவிட்டு நாடகத்துக்கு வருகிறவர்கள், விமர்சகர் காட்டியதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஒரு முறை நாடகமாகப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள்.

அப்புறம் கேள்வியைச் சுருக்குங்கள். 'ராபன் தீவில் ஷேக்ஸ்பியர்' என்பது ஒரு தலைப்பு. அது இன்னும் கேள்வி ஆகவில்லை. என் மாணவி பில்லி நாயரின் கையெழுத்தில் வந்து நின்றாள். டர்பன் தொழிற்சங்கக்காரரான அவர் தேர்ந்தெடுத்தது 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் காலிபன் பேசும் வரி: இந்தத் தீவு என்னுடையது, என் தாய் சைகோரக்ஸ் வழி வந்தது, நீ என்னிடமிருந்து பறித்துக்கொண்டாய். தீவில் அடைபட்ட மனிதன், தீவைப் பறிகொடுத்தவனின் வரியை எடுக்கிறான். "காலிபனின் இந்தப் பேச்சை 1970களின் தென்னாப்பிரிக்கக் கைதி ஒருவர் எப்படி வாசித்திருக்கக்கூடும்?" என்று எழுதிக்கொண்டாள். பத்துப் பக்கக் கட்டுரைக்கு இது போதும்.

கேள்வியின் கீழே ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். ஆசிரியர், நூல், பாத்திரப் பெயர்கள் ஒரு பத்தி. இடமும் காலமும் இன்னொரு பத்தி. கருத்துச் சொற்கள் மூன்றாவது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதையே வேறு எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். சிறை, கைதி, காவல் என்பது போல. இடப்பெயருக்கும் அப்படித்தான். கிரஹாம்ஸ்டவுன் 2018லிருந்து மக்காண்டா. பழைய கட்டுரை பழைய பெயரில்தான் கிடைக்கும். இந்தத் தாளைக் கடைசி வரை தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாம் படி: நூலகம் பேசும் சொற்கள்

ஆன்லைன் கேட்டலாக்கில் நாம் தட்டும் சொல் நூலின் தலைப்பு, ஆசிரியர், பொருள் தலைப்பு ஆகிய இடங்களில் இருந்தால்தான் பொதுவாக நூல் வரும். பொருள் தலைப்பு என்பது நூலகர்கள் கொடுக்கும் முத்திரை. உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழக நூலகங்கள் இதற்கு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அந்தப் பட்டியலில் நம்மைப் போல இந்தியாவுக்கு வெளியே வாழும் இந்திய வம்சாவளியினருக்குப் நெடுங்காலமாக இருந்துவந்த பெயர் 'ஈஸ்ட் இண்டியன்ஸ்'. வெறும் 'இண்டியன்ஸ்' என்று தேடினால் அமெரிக்கப் பழங்குடிகளும் சேர்ந்து வந்துவிடுவார்கள். வீட்டில் யாரும் தன்னை ஈஸ்ட் இண்டியன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் நம்மைப் பற்றிய நூல்கள் பல அந்த முத்திரையின் கீழ்தான் இருக்கின்றன. எனக்கு இது இன்றைக்கும் மனசில் குத்தும். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை.

ஷேக்ஸ்பியரை ஒரு நாட்டில் எப்படி வரவேற்றார்கள் என்ற பொருளுக்கு அவர்களின் சொல் 'அப்ரிசியேஷன்'. ஷேக்ஸ்பியர் பெயர், அப்ரிசியேஷன், தென்னாப்பிரிக்கா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கைதிகளின் வாசிப்புக்கு 'பிரிசனர்ஸ்' என்பதோடு 'புக்ஸ் அண்ட் ரீடிங்' சேரும். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பொருத்தமான ஒரே ஒரு நூலைக் கண்டுபிடியுங்கள். அதன் பதிவைத் திறந்து, கீழே உள்ள பொருள் தலைப்புகளைப் பாருங்கள். அவை சுட்டிகளாக இருக்கும். சொடுக்கினால் அதே முத்திரை உள்ள மற்ற நூல்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். நாங்கள் அஷ்வின் தேசாய் 2012ல் எழுதிய 'ரீடிங் ரெவல்யூஷன்: ஷேக்ஸ்பியர் ஆன் ராபன் ஐலண்ட்' நூலைப் பிடித்தோம். அதைத் திறந்தபின் அவள் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது பெயர்களுக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து தொடங்கி, வந்து இறங்கியவர்களின் பெயர்களை எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். நாயுடு என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் இரட்டை 'ஓ'வில் முடியும், ஒற்றை 'யு'விலும் முடியும். பிள்ளை 'ஒய்'யில் முடியும், 'ஐ'யிலும் முடியும். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். வெங்கட்ரத்னத்தையும் 'டி'க்குப் பின்னால் 'ஹெச்' வைத்து எழுதலாம், வைக்காமலும் எழுதலாம், நடுவில் ஓர் 'ஐ' சேர்த்தும் எழுதலாம். நான் ஒரு கட்டுரைக்காக மூன்று வாரம் தேடிக் கிடைக்காமல் கைவிட்ட ஒரு நேர்காணல், வேறொரு எழுத்துமுறையில் எங்கள் நூலகத்திலேயே இருந்தது. கட்டுரையைக் கொடுத்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அதனால் எல்லா எழுத்துமுறைகளையும் 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லால் கோத்துத் தேடுங்கள். இல்லையென்றால் பெயரின் முதல் பாதியைத் தட்டி, பின்னால் நட்சத்திரக் குறி போடுங்கள். அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். 'ஆண்ட்' போட்டால் இரண்டும் இருப்பவை மட்டும் வரும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அதே வரிசையில் உள்ளவை மட்டும் வரும். பெரும்பாலான தேடல்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: அலமாரி

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் நூல்கள் ஒரே கட்டடத்தில் இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று 1961ல் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி தொடங்கியது. அது பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆயிற்று. நட்டால் பல்கலைக்கழகம் தனியாக இருந்தது. 2004ல் இரண்டையும் இணைத்தார்கள். அதனால் நம் சமூகத்தைப் பற்றிய பழைய சேகரிப்பு வெஸ்ட்வில்லிலும், ஆங்கிலத் துறைக்கு வேண்டிய நூல்கள் ஹவர்ட் காலேஜ் வளாகத்து ஈ. ஜி. மால்ஹெர்பே நூலகத்திலும் என்று பிரிந்து கிடக்கும். கேட்டலாக்கில் வளாகத்தின் பெயரைப் பார்க்காமல் மேட்டில் ஏறிவிடாதீர்கள். வேறு வளாகத்தில் இருந்தால் வரவழைத்துத் தரும்படி கேளுங்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறையில் ஆங்கில இலக்கியம் 820ல் தொடங்கும். 821 கவிதை, 822 நாடகம், 823 புனைகதை. ஷேக்ஸ்பியருக்கு 822.33 என்று தனி எண்ணே உண்டு. எண்ணைக் கண்டுபிடித்து நூலை எடுத்தபின் உடனே திரும்பிவிடாதீர்கள். இடப்பக்கம் ஒரு முழம், வலப்பக்கம் ஒரு முழம் பாருங்கள். நூலின் பின்னால் உள்ள சொல்லடைவில் உங்கள் தாளில் எழுதிய பெயர்கள் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். அட்டையில் ராபன் தீவு என்று இல்லாத நூலிலும் நான்கு பக்கம் இருக்கலாம். அந்த நான்கு பக்கம் கேட்டலாக்கில் ஒருநாளும் வராது.

நான்காம் படி: பதிப்பும் அகராதியும்

ஷேக்ஸ்பியர் என்றால் எந்தப் பதிப்பு என்ற கேள்வி வரும். 'தி டெம்பெஸ்ட்', 'ஜூலியஸ் சீசர்' இரண்டும் முதன்முதலில் அச்சானது, அவர் நாடகங்களின் முதல் தொகுப்பு நூலான 1623ன் முதல் ஃபோலியோவில். 'ஹாம்லெட்'டுக்கோ 1603, 1604-05, 1623 என மூன்று வேறு வேறு பழைய அச்சுகள். அவற்றில் வரிகள் ஒன்றுபோல இருக்காது. ஆய்வுப் பதிப்புகளில் அடிக்குறிப்பில் இந்த வேறுபாடுகளைக் காட்டியிருப்பார்கள். பள்ளியில் வாங்கிய பாடநூலைக் கொண்டு மேற்கோள் காட்டாதீர்கள். அங்கம், காட்சி, வரி எண் மூன்றையும் குறியுங்கள். வரி எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி இருக்கிறது. நூலகக் கணக்கில் நுழைந்தால் இலவசம். ஒரு சொல் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் வழங்கியது என்பதை மேற்கோளோடு காட்டும். காலிபன் பேச்சைப் படிக்கும்போது இன்றைய பொருளை 1611க்குக் கொண்டுபோகாமல் இது காப்பாற்றும்.

நம் ஊர் எழுத்தைப் படிப்பவர்கள் இன்னும் இரண்டைக் கையருகே வைத்திருக்க வேண்டும். ஒன்று, 1996ல் வந்த வரலாற்று முறைத் தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதி. இது இணையத்திலும் இருக்கிறது. இன்னொன்று, ராஜேந்த் மெஸ்த்ரி 2010ல் கொண்டுவந்த தென்னாப்பிரிக்க இந்திய ஆங்கில அகராதி. கேட்டோ மேனரில் பிறந்த ரோனி கோவெண்டரின் கதைகளை எடுத்தால் இவற்றின் அருமை தெரியும். அவருடைய நாடகம் ஒன்றின் தலைப்பிலேயே 'லானி' இருக்கிறது. பணக்காரர், வெள்ளைக்கார முதலாளி என்று டர்பனில் எல்லோருக்கும் தெரிந்த சொல். நமக்குத் தெரியும் என்பதால் ஆய்வில் விளக்காமல் விடக் கூடாது. அகராதியைத் திறந்து, எப்போதிலிருந்து, யார் வாயில், எந்தத் தொனியில் என்று பார்த்து எழுதினால், வீட்டுப் பேச்சு சான்றாகிறது.

ஐந்தாம் படி: தரவுத்தளங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். சில தரவுத்தளங்கள் கட்டுரை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சில, கட்டுரையையே கொடுக்கும்.

மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பின் எம்.எல்.ஏ. இன்டர்நேஷனல் பிப்லியோகிரஃபி முதல் வகை. இலக்கிய ஆய்வாளர்களுக்கான அடிப்படை அட்டவணை அது. கட்டுரை எந்த ஆசிரியரை, எந்த நூலைப் பற்றியது என்று ஆட்கள் படித்துப் பிரித்திருப்பார்கள். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் வேர்ல்ட் ஷேக்ஸ்பியர் பிப்லியோகிரஃபி தனியாக இருக்கிறது. ஜே-ஸ்டோர் இரண்டாம் வகை. அதில் முழு வாசகத்திலும் தேடும். காலிபன் என்று தட்டினால், எங்கோ ஓர் அடிக்குறிப்பில் காலிபன் வந்த கட்டுரைகளும் ஆயிரக்கணக்கில் கொட்டும். எனவே அட்டவணையில் தொடங்கி, அங்கே கண்ட தலைப்பை ஜே-ஸ்டோரில் எடுப்பதுதான் நல்லது. எங்கள் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து சலித்துப்போகிறார்கள். இன்னொன்று, ஜே-ஸ்டோரில் பல ஜர்னல்களின் கடைசிச் சில ஆண்டு இதழ்கள் இருக்காது. புதியவற்றுக்கு ப்ராஜெக்ட் மியூஸ் பாருங்கள்.

தென்னாப்பிரிக்க ஜர்னல்களுக்கு சபினெட் முக்கியம். வெளிநாட்டுத் தரவுத்தளங்களை மட்டும் பார்த்தால் நம் நாட்டு ஆய்வு பாதி விட்டுப்போகும். மக்காண்டாவிலிருந்து 1974 முதல் வரும் 'இங்கிலிஷ் இன் ஆஃப்ரிக்கா', 1989ல் டர்பனில் தொடங்கிய 'கரண்ட் ரைட்டிங்', 1987 முதல் வரும் 'ஷேக்ஸ்பியர் இன் சதர்ன் ஆஃப்ரிக்கா' ஆகிய மூன்றையும் பெயர் சொல்லித் தேடுங்கள். என் மாணவியின் கேள்விக்கு மூன்றாவது இதழ் தங்கச் சுரங்கம்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். அவர் யாரைப் படித்தார் என்று தெரியும். கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் கீழே, அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற சுட்டி இருக்கும். அது முன்னோக்கிப் போகும் வழி. ஆய்வாளர்கள் ஒருவரோடொருவர் மோதும் இடம் அப்போது கண்ணில் படும். அந்தத் தீபாவளி அட்டைப் புத்தகம் கைதிகளின் வாழ்வில் உண்மையிலேயே எவ்வளவு பெரிய இடம் பிடித்தது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. உங்கள் கட்டுரை நிற்க வேண்டியது அந்த இடத்தில்தான்.

பழைய நூல்களுக்கு ஈபோ என்று சுருக்கமாகச் சொல்லும் 'ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ் ஆன்லைன்' தொகுப்பு 1473 முதல் 1700 வரையும், ஈக்கோ எனும் 'எய்ட்டீன்த் செஞ்சுரி கலெக்ஷன்ஸ் ஆன்லைன்' பதினெட்டாம் நூற்றாண்டையும் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கால அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக 'எஃப்' மாதிரி இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவிடும். அதனால் எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். சொல்லின் எழுத்துமுறையும் அப்போது நிலைத்திருக்கவில்லை. நாயுடுவை நான்கு விதமாகத் தேடப் பழகியவருக்கு இது சிரமமாகவே இருக்காது.

வீட்டிலிருந்து திறக்கும்போது நூலகத்தின் இணையப் பக்கம் வழியாகவே மாணவர் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். நேராக ஜர்னலின் பக்கத்துக்குப் போனால் பணம் கேட்கும். ஒரு கட்டுரைக்கும் கையிலிருந்து பணம் கட்டாதீர்கள். நூலகத்தில் இல்லையென்றால் நூலகங்களுக்கு இடையேயான கடன் மூலம் கேளுங்கள். நாட்கள் ஆகும், அதனால் முதல் வாரத்திலேயே கேளுங்கள். டேட்டா செலவாகிறது என்றால் வளாக வைஃபையில் பிடிஎஃப்களை இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கலாம்.

ஆறாம் படி: ஆவணக் காப்பகம்

இளங்கலை மாணவர்கள் இங்கே போகத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்களின் நேர்காணல்கள், நம் சமூகத்தின் பழைய ஆவணங்கள் அங்கே உண்டு. டர்பனின் பெரியா மேட்டில், இந்தப் பகுதியின் வரலாற்று நூல்களும் ஆவணங்களும் உள்ள கில்லி கேம்பெல் சேகரிப்பு பழைய வீடு ஒன்றிலேயே இயங்குகிறது. ராபன் தீவு ஆவணங்களுக்குக் கேப் டவுன் பக்கம், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் மாயிபுயே காப்பகம். தென்னாப்பிரிக்க எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளுக்கு மக்காண்டாவின் அமாஸ்வி இலக்கிய அருங்காட்சியகம். உள்நாட்டில் அச்சான நூல் எங்குமே இல்லையென்றால், 1997ன் சட்டப்படி வெளியீட்டாளர்கள் பிரதி கொடுக்க வேண்டிய நூலகங்களில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. டர்பனிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.

போவதற்கு முன் மின்னஞ்சலில் கேள்வியை இரண்டு வரியில் எழுதி, நேரம் கேளுங்கள். சேகரிப்பின் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் பெட்டி எண், கோப்பு எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இல்லையென்றால் வீட்டில் நாற்பது படங்களோடு உட்கார்ந்து எது எங்கிருந்து வந்தது என்று விழிக்க நேரும்.

நேர்காணலைப் படிக்கும்போது அது எந்த ஆண்டில் எடுத்தது என்று பாருங்கள். சிறையிலிருந்து வந்து பல வருஷம் கழித்துச் சொல்லும் நினைவு வேறு, 1977ல் போட்ட கையெழுத்து வேறு. இரண்டும் சான்றுதான். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கக் கூடாது.

பழைய நூல் நூலகத்தில் இல்லாததற்கும் அர்த்தம் இருக்கலாம். 1963ன் வெளியீடுகள், பொழுதுபோக்குகள் சட்டத்துக்குப் பிறகு ஏராளமான நூல்களைத் தடை செய்தார்கள். ஒரு நாவல் 1960களில் வந்தும், நூலகப் பிரதி 1990களின் பதிப்பாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். சில சமயம் கட்டுரையின் சிறந்த பத்தி அங்கிருந்து பிறக்கும்.

ஏழாம் படி: குறிப்பு

படித்த நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே நிறுவுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பிறர் வாக்கியத்தை ஒரு நிறத்திலும் உங்கள் எண்ணத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. அறியாமல் செய்த திருட்டும் திருட்டாகத்தான் கணக்கில் வரும். பக்க எண் இல்லாத மேற்கோளை நோட்டில் ஏற்றாதீர்கள்.

எழுதும் முன் பாட நூலகரை ஒருமுறை பாருங்கள். ஆங்கிலத் துறைக்கென்றே ஒருவர் இருப்பார். "எனக்கு ஷேக்ஸ்பியர் பற்றி வேண்டும்" என்று சொன்னால் அவரால் அதிகம் உதவ முடியாது. உங்கள் மூன்று பத்தித் தாளை மேசையில் வைத்து, "இந்தக் கேள்வி, இந்தச் சொற்கள், இந்த இரண்டு இடங்களில் தேடினேன், இவை கிடைத்தன" என்று சொல்லுங்கள். என் மாணவிக்கு அரை மணி நேரத்தில், எங்கள் பல்கலைக்கழக ஆய்வேட்டுத் தொகுப்பான ரிசர்ச்-ஸ்பேஸிலிருந்து அவள் கேள்விக்கு நெருங்கிய ஆய்வேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் நூற்பட்டியலே இன்னொரு வாரத்துக்கு வேலை தந்தது.

கட்டுரையை ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் முன்னால், மேற்கோள் காட்டிய எல்லா நூல்களையும் மறுபடி மேசையில் அடுக்குங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தால் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு மேற்கோளையும் சொல்லுக்குச் சொல், காற்புள்ளி வரை ஒத்துப் பாருங்கள். காலிபனின் வரியில் என் மாணவி ஒரு சொல்லை விட்டிருந்தாள். பென்சிலால் சேர்த்து எழுதிவிட்டு, அடுத்த நூலை எடுத்தாள்.